முந்நூற்றுப் பதினொன்றும் ஒன்றும்

லூகோ நகரின் ஆவணக் காப்பகத்தில்
எட்டாம் எண் மேசை எனக்கு.
பேனாவுக்கு அனுமதியில்லை. பென்சில் போதும் என்பார்கள்.
நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடாத
சணல் கயிற்றை அவிழ்க்கிறேன்.

விலார்மோரோ. மலைக் கிராமம்.
பாராளுமன்றத் தேர்தல், பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.
வாக்காளர் முந்நூற்றுப் பன்னிரண்டு.
வாக்களித்தோர் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒருவருக்கும் அன்று காய்ச்சல் இல்லை.
ஒரு பசுவும் கன்று ஈனவில்லை.

அதே நாளில் பங்குத் தந்தை
ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில்
கிறுக்கி வைத்திருக்கிறார்:
இடுப்பளவு பனி.
பூசைக்கு நால்வர்,
அதில் ஒருவன் மணியடிப்பவன்.

இடுப்பளவு பனியில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நடந்தார்கள்,
அதுவும் அகரவரிசையில்.
ஆல்வாரெஸ்கள் முதலில் வந்தார்கள்.
வாரேலாக்கள் பொழுது சாயும்வரை
வாசலில் கால் மாற்றி நின்றார்கள்.
கல்லறைத் தோட்டத்திலிருந்து பதினான்கு பேர்,
மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு.
ஹவானாவில் சுருட்டு உருட்டிக்கொண்டிருந்த நாற்பது பேர்
கடல் தாண்டி வந்து, பெயர் கொடுத்து,
மறுநாள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயரே பானை.
சீட்டுகளைச் சமையல் பானையில் ஒளித்து வைத்து
வேண்டிய நேரத்தில்
வேண்டிய அளவு அள்ளிக் கொட்டுவது.
சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.
இருந்தது.
மாட்ரிட்டில் ஒரு குமாஸ்தா
கட்டம் போட்ட தாளில்
மூன்று வாரம் முன்பே உலை வைத்திருந்தான்.

தோற்றவர் மருத்துவர், ஹிஷீனியோ கார்பயாஸ்.
மூன்று மனுக்கள் அனுப்பினார்.
மூன்றாவதில் கையெழுத்து நடுங்குகிறது.
வென்றவர்கள் கூடி அமைத்த குழு
ஒரே வரியில் தள்ளுபடி செய்தது:
"ஆவணங்கள் ஒழுங்காக உள்ளன."

உண்மைதான்.
பதினோரு வருடமாக நான் பார்த்த சாட்சி
அந்த ஒழுங்கு ஒன்றுதான்.
நிஜத் தேர்தலின் தாள் அழுக்காக இருக்கும்.
கூட்டல் தப்பும். ஒயின் சிந்தியிருக்கும்.
ஒரே பெயரை இருமுறை எழுதி
அடித்து, மறுபடி எழுதி,
பக்கத்தில் யாரோ மன்னிப்பும் கேட்டிருப்பார்.
பொய்க்கு மட்டும்தான்
குளித்து, தலை வாரி, வந்து நிற்க நேரம் கிடைக்கும்.

இதுவரைக்கும் கட்டுரையில் எழுதிவிட்டேன்.
எழுதாமல் விட்டது ஒன்று.

வென்றவருக்கு முந்நூற்றுப் பதினொன்று.
கார்பயாஸுக்கு ஒன்று.

முழுப் பதிவேடும் ஒரே கை,
ஊர்ச் செயலர் செகுந்தினோ பீசோவின் கை.
ஒரே மை. ஒரே இரவு, அனேகமாக ஒரே மெழுகுவர்த்தி.
நம்ப வைக்கத்தான் என்றால்
இருபது கொடுத்திருப்பான், முப்பது கொடுத்திருப்பான்.
ஒன்று யாரை ஏமாற்றும்?
மற்ற எண்களெல்லாம்
தாளின் மேல் நீரோடும் பூச்சிபோல் ஓடுகின்றன.
அந்த ஒன்றை மட்டும்
பேனா முனை கிழியக் கிழிய அழுத்தியிருக்கிறான்.

அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.
ஆய்விதழின் ஆசிரியர்
சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பினார்: ஊகம்.
நானும் நீக்கினேன்.
அவன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவன்,
அதற்கு மேல் அவனைப் பற்றி எனக்கு
ஒன்றும் தெரியாது.
மனைவி பெயர்கூடத் தெரியாது.

காப்பகம் இரண்டு மணிக்கு மூடுகிறது.
காவலர் சாவிக்கொத்தைக் குலுக்குகிறார்.
தாள்களை அடுக்கிக் கவிழ்க்கிறேன்,
பின்பக்கம் வெறுமை,
கயிற்றுக்கு விரல் போகும் வழியில்
ஏதோ தட்டுப்படுகிறது.

குருடர்கள் படிக்கும் எழுத்தைப் போல
ஒரு சின்னப் புடைப்பு.