கை காட்டுதல்

முந்தின இரவே காரைக் காலி செய்தேன்.
மிதியடிகள், குடை, பனி சுரண்டும் தகடு,
இருக்கைக்கடியில் உருண்டு கிடந்த மூன்று இருமல் மிட்டாய்,
முன்னாள் கணவனின் ஒற்றைக் கையுறை.
எத்தனை வருஷமாய் அது என்னோடு சுற்றியதோ.
உள்ளே எதுவும் உருளக் கூடாதாம்,
பிரேக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் போச்சு.

விஸ்கான்சின் மே மாதத்து ஈரக் குளிர்.
சோளம் இன்னும் முளைக்காத வயல்களுக்கு நடுவே
சுருண்டு கிடந்தது தார்ச்சாலை,
எந்த ஊருக்கும் போகாத சாலை.
ஒரு பெண் மண்டியிட்டு
சக்கரத்தின் ஒவ்வொரு நட்டையும் முறுக்கிப் பார்த்தாள்.
பேட்டரியை ஆட்டினாள், பிரேக் எண்ணெய் நிறம் பார்த்தாள்.
கதவில் நீல நாடாவால் ஐம்பத்தெட்டு என்று ஒட்டினேன்.
"ராசியான நம்பரா?"
"வயசு."

கற்றுத்தர வந்தவன் கூ சியோங், இருபத்தாறு.
வார நாளில் பல் எக்ஸ்ரே எடுக்கிற வேலை.
சனிக்கிழமைகளில், முன்பின் தெரியாதவர்கள் ஓட்டும் கார்களில்
சம்பளமில்லாமல் உயிரைக் கொண்டுவந்து உட்கார்கிறான்.
"என்ன செய்றீங்க, மார்லிஸ்?"
"ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். முப்பத்தொரு வருஷம்."
ஹெல்மெட்டுக்குள் அவன் சிரித்தது என் காதில் கேட்டது.
"அப்ப எனக்குப் பயமில்லை."
"எனக்கு இருக்கிறது."

முப்பத்தொரு வருஷமாய்
தண்டவாளம் வந்தால் நிறுத்து, கதவைத் திற, காது கொடு.
வாரத்துக்கு ஒரு சரக்கு ரயில் வருகிற பாதையென்றாலும்
காது கொடு.
அந்தக் கால்தான் இந்தக் கால்.
ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பர்லாங் முன்பே பிரேக்கைத் தேடியது.

"அழுத்துங்க."
"அழுத்துகிறேன்."
"இல்லை, கெஞ்சுறீங்க."

"கூம்பைப் பார்க்காதீங்க,
பார்த்தால் அதன் மேலேயே போவீங்க.
போக வேண்டிய இடத்தைப் பாருங்க."
என் கண்ணோ பழக்கத்தில் மேலே கண்ணாடிக்கே போனது:
எவன் எழுந்து நிற்கிறான், எவள் அழுகிறாள், யார் யாரைக் கிள்ளியது.
அங்கே குழந்தைகள் இல்லை.
ஒரு வெள்ளிக் கார் இருந்தது,
முகப்பு விளக்குகளோடு, என் முதுகில் ஒட்டியபடி.

"நீங்க கை காட்டாமல் அவர் முந்தக் கூடாது," என்றான் கூ.
"நேர்ப்பாதை வந்ததும் கை நீட்டுங்க. எந்தப் பக்கம் என்று சொல்லுங்க."

என் பஸ்ஸின் இடுப்பிலிருந்து ஒரு சிவப்புக் கை நீளும்.
நீண்டால் பால் லாரி நிற்கும்,
சவ ஊர்தி நிற்கும், ஒருமுறை ஷெரிஃபே நின்றார்.
நில் என்று மட்டுமே சொல்லத் தெரிந்த கை அது.

இப்போது என் சொந்தக் கையை
ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோனேன்.
மணிக்கு எண்பது மைல் காற்று
சட்டையின் கையை முழங்கைவரை உரித்தது.
விரலை இடப்பக்கம் நீட்டினேன்.

போ.

போனார். போகையில் இரண்டு விரல் உயர்த்தினார்.
அன்றைக்குப் பதினோரு பேரைப் போகவிட்டேன்,
ஒருவருக்கும் வீட்டுப்பாடம் மறந்துபோயிருக்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்று, ஏழாம் வளைவு.
நேராக இருக்கும்போதே பிரேக்கை முழுசாய் மிதித்தேன்,
மூக்கு தாழ்ந்தது, விட்டேன், திருப்பினேன்.
கண் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது,
கார் பின்னாலேயே வந்தது.
"ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்ததே," என்றேன்.
"அதுதான்," என்றான்,
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

சூடாற ஒரு சுற்று.
வளைவுக்கு வளைவு கொடி பிடித்தவர்கள் கையசைத்தார்கள்.
நிறுத்தியபின் கைபிரேக் போடாதே என்றிருந்தார்கள்;
சக்கரத்துக்கு ஒரு விறகுத்துண்டு முட்டுக்கொடுத்தேன்.
இரும்பு டிக் டிக் என்று ஆறியது, கருகிய வாடை,
கூ என் பிஸ்கட்டில் நாலு தின்றான்.

திரும்பும்போது ஐம்பத்தைந்தில் வந்தேன்.
பின்னால் ஒரு பிக்கப் நெருக்கியது.
ஆளில்லாத சாலை, முந்த எவ்வளவோ இடம்.
என்னைக் கேட்காமலே கை வெளியே போய்
இடப்பக்கம் காட்டியது.

முந்தினான்.
விரல் உயர்த்தவில்லை.
கதவில் ஐம்பத்தெட்டைப் பார்த்து
இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பான்.