இறங்கும் சத்தம்

ஏறுவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.
நான் செட்டர், வலையோரம் நிற்பவள்.
எனக்கு அவள் இறங்குவதுதான் கேட்கும்.

முதல் செட்டில் நிரோஷா
தரையிடம் கேட்டுவிட்டுத்தான் கால் வைத்தாள்.
விரல், குதிகால், மடங்கும் முட்டி, கடைசியாக இடுப்பு.
கொடியிலிருந்து காய்ந்த சேலை நழுவினமாதிரி
சத்தமே இல்லை.

குடியாத்தம். கத்திரியின் இரண்டாம் வாரம்.
சிரசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம்
பள்ளிக்கூடச் சுவரில் ஏறி உட்கார்ந்து
கரும்புச்சாறு குடித்தது.
இரவு ஒன்பதுக்கும் மண் சுட்டது.
கவுண்டன்யா ஆற்றுப் பக்கமிருந்து
ஒரு காற்றும் வரவில்லை.

காலை ஆறரை வேனில்
பேரணாம்பட்டு ஷூ கம்பெனிக்குப் போய்வந்த கால்கள்.
எனக்காவது உட்கார்ந்து மிதிக்கிற மெஷின்.
அவளுக்கு பஞ்ச் மெஷின், எட்டு மணிநேரம் நின்றபடி.
லீவு கேட்டோம், சூப்பர்வைசர் சிரித்தார்.
கோப்பையில் கம்பெனி பெயரும் வேண்டும்,
ஷிப்டில் ஆளும் வேண்டும்.

மூன்றாவது செட்டில் முதல் தொப்.
யாரோ பையை இறக்கி வைத்ததாக நினைத்தேன்.
நான்காவதில் எண்ணத் தொடங்கினேன்:
பத்துத் தாவலுக்கு ஆறு தொப்.
முட்டி மடங்கவில்லை.
உலக்கையை ஊன்றினமாதிரி வந்தாள்.
தொடை செய்யவேண்டிய வேலையை
எலும்பு செய்துகொண்டிருந்தது.
இடது முட்டி உள்ளே திரும்பி
வலது முட்டியைப் பார்த்தது,
பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை
பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

டைம் அவுட்டில் கேட்டேன், "கால் எப்படிடி?"
"இருக்குது."
எங்கள் ஊரில் அதுவும் ஒரு பதில்.
தொடையைக் கிள்ளிக் காட்டினாள்.
"கிள்ளினா தெரியுது. போதும்."

பதினான்கு, பதின்மூன்று.
பந்து என் விரலுக்கு வந்தபோது
வலது ஓரத்தில் தஸ்லீம் நின்றாள்,
அப்போதுதான் பெஞ்சிலிருந்து வந்தவள், கால் புதுசு.
இடது ஓரத்தில் நிரோஷா கையை உயர்த்திவிட்டாள்.
தெரிந்தேதான் போட்டேன்.
அவளுக்குப் பிடித்த உயரம், வலையை ஒட்டி.

ஏறினாள். அதை நான் சொல்லவேண்டியதில்லை,
சுவரில் இருந்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.
அடித்தாள்.
விசிலுக்கும் கூச்சலுக்கும் நடுவில்
ஒற்றைக்காலில் இறங்கினாள்.

கேட்டது தொப் இல்லை.
ஈரத்தோலில் பஞ்ச் விழும்போது வருமே, சின்ன டப்,
தினம் ஆயிரம் தடவை
அவள் கையால் எழுப்புகிற சத்தம்,
அவளுக்குள்ளிருந்து வந்தது.

வேலூரில் டாக்டர் ஸ்கேன் படத்தை
வெளிச்சத்தில் பிடித்தார்.
ஜவ்வு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கலங்கல்.
"யாராவது மேல விழுந்தாங்களா?"
"யாரும் தொடக்கூட இல்ல சார்."
"கடைசி செட்டா?"
தலையாட்டினோம்.
அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

காட்பாடி ரோட்டில் ஆட்டோ குலுங்கக் குலுங்க
அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன்,
ஏன் எனக்குப் போட்டே என்று.
அவள் கேட்டது,
"லைனுக்கு உள்ளதானே விழுந்துச்சு?"
"உள்ளதான்."

ஏழு மாதம் ஆயிற்று.
சாயங்காலங்களில் ஒரு செங்கல் மேல் ஏறி
அங்கிருந்து குதிக்கிறாள். ஒரு செங்கல்தான்.
நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.
எட்டு, ஒன்பது, பத்துவரை ஒன்றும் கேட்காது.
பதினொன்றில் தொப்.
உட்காரு என்கிறேன்.
இன்னும் ஒண்ணு என்கிறாள்.
உட்காருடி.
உட்காருகிறாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.