ஜனவரி விழித்திரை

வொர்ட்ஸ்யார்வ் ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தின்
நிலவறைத் தொட்டியில்
வருடம் முழுக்க அதே பன்னிரண்டு மணி விளக்கு,
அதே பதினாறு டிகிரி.
மேலே ஏரி உறைந்துவிட்டதென்று
கெண்டைக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் ஹெல்வெ
மயிரினும் மெல்லிய கண்ணாடி ஊசியை
அதன் விழித்திரையில் இறக்கி
சிவப்பைப் பாய்ச்சினால்
ஒலிபெருக்கியில் ஒரு முனகல்,
அவ்வளவுதான்.

மே மாதம் இதே சிவப்புக்குக்
கடுகு வெடித்தது.

கருவிக் கோளாறென்று
மூன்று முறை ஒயர் மாற்றினான் ரைவோ.
கோளாறில்லை.

தேதியை மட்டும் குறித்துவிட்டு
வெளியே வந்தாள்.
நான்கரைக்கே இருட்டு.
பனியில் துளையிட்டு
தூண்டிலோடு குந்தியிருந்தார் ஒருவர்.
கிட்டப் போகும்வரை
அவர் மேலங்கி சிவப்பென்று
அவளுக்குப் பிடிபடவில்லை.