நாலு விரக்கடை

செக்காலைத் தெருவில் ஒரு மாடியறை.
மின்விசிறிக்குக் கீழே ஆறு ஓடுகிறது:
மணிக்கு ஒரு எண், ஐந்து வருஷத்துக்கு
நாற்பத்து மூவாயிரத்து எண்ணூறு.
லீப் நாளைச் சேர்த்தால் இன்னும் இருபத்துநாலு.

ஆற்றின் பேர் பாம்பாறு.
வருஷத்தில் எட்டு மாதம் அது மணல்,
சீமைக்கருவேலம், டிராக்டர் தடம்.
அந்த மணிகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.
பூஜ்யத்தையும் எண்ணித்தான் ஆகவேண்டும்.

எங்கள் பக்கம் ஐந்தொகை நேராகாமல்
பேரேட்டை மூடமாட்டார்கள்.
வரவு: மழை, மேல்கண்மாய்க் கலுங்கு.
செலவு: மடை, வெயில், மண் குடித்தது.
இருப்பு: அணையில் நிற்பது.
இருப்பு இடித்தது.
ஷட்டர் மூடிய இரவுகளிலும்
கீழே அளவுகோல் நனைந்திருந்தது.

மலைக்கொழுந்து டார்ச்சை அடித்துக் காட்டினார்.
'மூடித்தான் இருக்கு.
தெக்கு மூலையில அடித்தகட்டைத் துரு தின்னுருச்சு.
நாலு விரக்கடை.
சாக்கு அடைச்சேன், தண்ணி துப்பிருச்சு.'

ஓட்டையை மாடலில் வைத்தேன்.
என் கோடு அளவுகோலின் கோட்டில்
போய் உட்கார்ந்தது, அச்சடித்த மாதிரி.
அன்றிரவு தெருமுனையில் இரண்டு பால்பன் வாங்கித் தின்றேன்.
அறிக்கை போனது.
பதிலும் வந்தது, இத்தனை வேகமாக எதுவும் வந்ததில்லை:
தங்கள் ஆய்வின் அடிப்படையில்
தகடும் ரப்பரும் மாற்ற ஒப்பந்தப்புள்ளி.

அதற்குப் பிறகுதான் மீனைக் கேட்டேன்.

விலாங்கு கடலில் பிறக்கிறது.
கண்ணாடி நூலாக ஆறேறி வந்து
கண்மாய்ச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடக்கிறது.
ஏதோ ஒரு ஐப்பசி இருட்டில், மழையில்,
தின்பதை நிறுத்திவிட்டுக் கடலுக்கே திரும்புகிறது.
போனது வராது.
அதன் வழியில் ஒரு ஷட்டர்,
ஷட்டரின் தெற்கு மூலையில்
யாரும் வரையாத ஒரு வாசல்.

ஓட்டையை அடைத்து ஓடவிட்டேன்.
பதினாறாம் வருஷம் மீன்கட்டத்தில் பூஜ்யம்.
பதினேழிலும் அதுவே.
இந்தப் பூஜ்யங்கள் மணல் இல்லை.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது
விலாங்கு என்பார்கள். பொய்.
ஆயக்கட்டுக் கூட்டத்தில் ஒரு வரைபடம்,
மீன்வளத்துறையில் இன்னொன்று.
காட்டியவள் நான்.

கடைமடைக்காரி இராக்கு எழுந்தாள்.
'அந்த ஓட்டையில போற தண்ணி
எம்புட்டுக்குப் பாயும்?'
ஒன்றரை ஏக்கர்.
'யாரு ஒன்றரை?'

மாடலில் பட்டா எண் கிடையாது.
உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் விதியைச் செதுக்கினேன்:
நிலா இல்லையென்றால்,
மழை இருபது மில்லிமீட்டருக்கு மேலென்றால்,
இரவு எட்டிலிருந்து நாலு வரை
தெற்கு மூலை, நாலு விரக்கடை.
வருஷத்துக்குப் பத்துப் பதினோரு இரவு.
ஒன்றரை ஏக்கர் ஆறு சென்ட்டாகிறது.
ஆறு சென்ட்டும் யாருடையதோதான்.

புதுத் தகட்டில் சின்னக் கதவு வைக்கக் கேட்டு
அதையும் அனுப்பியிருக்கிறேன்.
இதற்குப் பதில் இத்தனை வேகமாக வரவில்லை.

மலைக்கொழுந்து ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்துக் கேட்டார்:
'தொறந்தா எந்தக் கட்டத்துல எழுத?'
பாசனம். குடிநீர். உபரி. கசிவு.
ஐந்தாவது கட்டம் கோடு போட இடமில்லை.
'கசிவுன்னே எழுதிர்றேன்.
அதைத்தான் யாரும் ஏன்னு கேக்கமாட்டாக.'

ரப்பர் சுருள் வந்து இறங்கிவிட்டது,
கரையில், பாலிதீன் பிரிக்காமல்.
வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்கள்.
அமாவாசை புதன்.

இன்று செவ்வாய்.
கிழக்கே மின்னுகிறது.
மழைக்கட்டத்தில் இன்னும் பூஜ்யம்.