நூற்றி இருபது நாற்காலி

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
பந்தல், மைக் செட், நூற்றி இருபது பிளாஸ்டிக் நாற்காலி.
கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்றிருந்த போர்டில்
போன வருடம் ஒரு வரி சேர்த்தேன்:
கருத்துக்கேட்புக் கூட்டம்.

தையில் எண்ணெய்க்காரர்கள் கூப்பிட்டார்கள்.
நொச்சிவலசைக் கரையில் நீலப் பந்தல்.
முன்வரிசைக்கு மட்டும் வெள்ளைத் துணி போர்த்தச் சொன்னார்கள்.
திரையில் ஒரு கடல், எங்கள் கடலைவிட நீலம்,
நடுவில் நாலு காலில் இரும்பு மேடை.
சோதனைக் கிணறுதான் என்றார் அதிகாரி.
பின்னால் நின்றுகொண்டிருந்த லிங்கம்மாள் கேட்டாள்:
"ஊத்துல ஒரு குடம் ஊற ரெண்டு மணிநேரம் ஆகுதுங்க.
அந்த மெசினைக் கரைக்குக் கொண்டாந்து
குடிதண்ணிக்கு ஒண்ணு தோண்டுனா என்ன?"
சிரித்தார்கள்.
எழுதிக்கொண்டிருந்தவர் அதை எழுதவில்லை.

பங்குனியில் விடுதிக்காரர்கள்.
அதே இடம், பந்தல் மட்டும் மஞ்சள்.
நாற்காலி முதுகில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கம்பெனி ஸ்டிக்கரை
முந்தின ராத்திரி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
திரையில் மறுபடி கடல்.
மரக்குடில், கண்ணாடி அடிப் படகு, தொப்பி போட்ட குழந்தை.
வள்ளம் ஒன்றுகூட இல்லை.
"கருவாட்டுக் களத்தைக் கொஞ்சம் தள்ளிக்கணும்,
வாடை அடிக்குது" என்றான் டை கட்டிய பையன்.
"வாடை கார்த்திகையிலதான தம்பி அடிக்கும்,"
தொம்மை காற்றைச் சொன்னார்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

எனக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு, மறைப்பானேன்.
மச்சினன் மேடையில் வாட்ச்மேன் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறான்.
தங்கை மகன் பூமிநாதன் அரியமானில்
வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறான்.
மூச்சடக்கிச் சங்கு எடுத்தவன்,
இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
சிரிங்க சார் என்கிறான்.
அவன் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள். அதையும் சொல்லவேண்டும்.
இரண்டு கம்பெனியும் வாடகை பாக்கி வைக்கவில்லை.
பஞ்சாயத்துதான் இன்னும் தரவில்லை.

இரண்டு கூட்டத்திலும் வாசலில் ஒரு நோட்டு.
கையெழுத்துப் போட்டால் டீ, கேசரி.
வைகாசியில் ஒரு ரசீதுக்காகத் தாலுகா ஆபீசில் நின்றபோது
மேசைமேல் இரண்டு அறிக்கை விரிந்து கிடந்தது.
ஆதரவு தெரிவித்த பொதுமக்கள்.
இதில் பதினேழாவது, அதில் நாற்பத்தொன்றாவது:
மு. கோட்டைச்சாமி, பந்தல்.
எனக்குக் கீழே இரண்டிலும்
லிங்கம்மாளின் கைநாட்டு.
கேசரி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

சொல்ல விட்டுப்போனது:
பங்குனிக் கூட்டம் முடிந்து எண்ணினால் நூற்றிப் பத்தொன்பது.
விறகுக்காரன் மேல்கூட சந்தேகப்பட்டேன்.

ஆனியில் லிங்கம்மாள் ஆள் அனுப்பினாள்,
"உன் சாமான் இங்க கிடக்கு."
வத்தத்தில், முழங்கால் தண்ணீரில் நடந்து
பாசித் திட்டுவரை போனேன்.
சிவப்பு நாற்காலி. கரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.
ஒரு கால் மணலுக்குள் புதைந்து,
கைப்பிடியில் பாசி, முதுகில் பொடிச் சிப்பி,
அடி நிழலில் விரல்நீள ஓராக் குஞ்சுகள்.
இழுத்தேன். அசைந்தது, வரவில்லை.
குஞ்சுகள் சிதறி, திரும்பவும் கூடின.

லிங்கம்மாள் தண்ணீரிலிருந்து எழுந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
இடுப்புச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.
பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டவள் மாதிரிச் சொன்னாள்:
"விடுய்யா. ஆள் இருக்கு."

ஆடிக் கடைசியில் இன்னொரு கூட்டமாம்.
எண்ணெயா விடுதியா, போனில் சொல்லவில்லை.
பச்சைப் பந்தல் இருக்கிறதா,
நாற்காலி நூற்றி இருபதும் கிடைக்குமா என்றார்கள்.
ஒன்று குறையும் என்றேன்.

பரவாயில்லை, யாராவது நிற்பார்கள் என்றார்கள்.