காற்றின் பங்கு

புயல் கரை கடக்கும் இரவு. ராயபுரத்தில் கரண்ட் இல்லை.
நாற்பத்தொரு வருட சிங்கிள் மால்ட்:
இருதயராஜ் திருகியதும்
கார்க் பிஸ்கட்டாய் உதிர்ந்தது.
இரண்டு மாதக் கப்பல் சம்பளத்தை
டீ வடிகட்டியில் வடித்தான்.

ஸ்டான்லியில் நர்ஸ் வேலை பார்க்கும் பிலோமினா
முகர்ந்து, "டிங்சர்" என்றாள்.
அப்புறம், "இல்ல, ஈரக் கயிறு."
அப்புறம் பேச்சில்லை.

கேன் தண்ணீர் ஒரு சொட்டு விட்டான்.
மூடியிருந்தது வாய் திறந்தது:
புகை, உப்பு,
எங்கோ அடியில் ஒரு ஆரஞ்சுத் தோல்.

பீப்பாயில் பாதியைக் காற்றே குடித்துவிட்டதாம்.
ஸ்காட்லாந்துக் காற்று, சப்பிச் சப்பிக் குடிக்கும்.
ராயபுரத்துக் காற்று
பங்கு கேட்டு
ஷட்டரை உடைத்துக்கொண்டிருந்தது.

பிலோமினா ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து
தன் கிளாஸை அங்கே வைத்தாள்.
இருதயராஜ் வாய் திறக்கவில்லை,
அளவை மட்டும் பார்த்துக்கொண்டான்.