வெளிநோயாளர் பதிவேடு

ஏரல் கால்நடை மருந்தகம்.
வெள்ளம் வடிந்த ஆறாம் நாள்.
வரிசையில் ஒன்பதாவது ஆள் மாசானமுத்து,
தோளில் வெள்ளாடு.
மடி கல்லாய் இறுகியிருக்கிறது.
குட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது.
பாலுக்கு அது தெரியவில்லை,
ஊறிக்கொண்டே இருக்கிறது.

அரசாங்க ஊசி, காசு வேண்டாம் என்றேன்.
அவருக்கு மனசு கேட்கவில்லை.
பல்பொடி டப்பாவை மேசையில் கவிழ்த்தார்:
ஒரு சதுரம், இரண்டு வட்டம்,
பச்சை பூத்த செம்பு.

தாம்போதிக்குக் கீழே மணலில் அரித்ததாம்.
கயிற்றில் காந்தம் கட்டிய பையன்கள்
நேர்ச்சைக் காசையெல்லாம் இழுத்துப் போனபிறகு
காந்தம் சீந்தாமல் கிடந்தவை.
"என்ன உருப்படின்னு பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா,
நீங்கதான மிருகம் படிச்சவுக."

தாசில்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றேன்.
"தாசில்தார் வந்து மடியக் கறந்து விடுவாரா?"

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
வட்டங்களின் முன்பக்கம் ராஜாக்கள்;
மூக்கில்லை, கண்ணில்லை, பேருமில்லை.
மேடாய் நிமிர்ந்ததுதானே முதலில் தேயும்.
பின்பக்கப் பள்ளத்தில் பதுங்கிய மிருகங்களுக்கு
ரோமம்கூடத் தெரிகிறது.

சதுரத்தில் யானை, மறுபுறம் கோடாய் ஒரு மீன்.
"இது நம்ம கொற்கைல்லா" என்று தள்ளிவைத்தார்.
அடுத்தது காளை.
முன்கால் மடங்கியிருந்ததால் நொண்டி என்று நினைத்தேன்.
இல்லை, பாயப்போகிறது.

மூன்றாவதை ஜன்னலோரம் கொண்டுபோனேன்.
"நாயா?"
ஓநாய். கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது.
அடியில் அண்ணாந்த இரண்டு ஆண்பிள்ளைகள்.
ஆற்றில் விட்ட பிள்ளைகள், கரையில் ஒதுங்கினார்கள்,
இது பால் கொடுத்தது,
அவர்கள் ரோமாபுரியைக் கட்டினார்கள் என்றேன்,
எனக்குத் தெரிந்த மட்டும்.

ஆட்டின் காதை நீவிக்கொண்டே கேட்டிருந்தார்.
"அங்க ஆறு கொண்டாந்து குடுத்திருக்கு."
பிறகு,
"மடில பால் நின்னுதுன்னா அது ஈன்ற ஓநாயில்லா.
அதோட குட்டிக என்னாச்சு?"

ஐந்து வருஷம் படித்தவள் நான்.
எனக்கு அது தோன்றவேயில்லை.

ராத்திரி கைபேசியில் தேடினேன், குட்டிகளை.
ஊர் ஊராய்க் காசு வந்தது.
உடம்பு பக்கவாட்டில், முகம் மட்டும் நேரே, ஆந்தை.
நம் பக்கம் கூரையில் உட்கார்ந்தால் விரட்டுவோம்;
அந்த ஊர் வெள்ளியில் அடித்து
அதை அறிவென்று செலவழித்திருக்கிறது.
ஒரு துறைமுகத்துக்குத் தேனீ. ஒன்றுக்கு நண்டு.
சிறகு வைத்த குதிரை:
அந்தத் தோளில் மூட்டே இல்லை,
நான் ஊசியை எங்கே போடுவேன்?

ஒரு தீவு கடலாமையைப் பொறித்திருந்தது.
போரில் தோற்றுக் கடலை இழந்ததும்
துடுப்பை எடுத்துவிட்டுக் கால் வைத்து
நிலத்தாமை ஆக்கிக்கொண்டது என்கிறார்கள்.
அதைப் படித்து வெகுநேரம் விழித்திருந்தேன்.
கொற்கையையும் கடல் விட்டுப்போனது.
முத்துக்கு வந்த கப்பல்கள் நின்ற இடத்தில்
இன்று வாழைக்கு உரம் வைக்கிறார்கள்.
நம் காசில் மீன் மீனாகவே இருக்கிறது,
யாரும் அதற்குச் சொல்லவில்லை போல.

ஓநாய்க்குட்டிகள் எந்தக் காசிலும் இல்லை.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும்.
நாலாம் நாள் பால் கட்டியில்லாமல் வந்தது.
எங்கிருந்தோ ஒரு செவலைக்குட்டியைத் தூக்கிவந்திருந்தார்,
தாயை ஆற்றில் விட்டது.
ஆடு முகர்ந்தது. உதைத்தது. திரும்பி முகர்ந்தது.
கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி
சும்மா நின்றது.

காசுகளைத் தாலுகா ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கினோம்.
ரசீதில் "பழைய செம்புத் துண்டு, மூன்று".

என் பதிவேட்டில் அன்றைய பக்கம்:
வெள்ளாடு, பெண், வயது நான்கு, மடிநோய், குணம்.
அதற்குக் கீழ்வரிசையில், தணிக்கைக்காரர் வந்தால் கேட்கட்டும்,
ஓநாய், பெண், வயது தெரியாது.
பால் உண்டு.
குட்டிகள்: